முயலுக்கு வெள்ளை முயல் படம், வானம்பாடிக்கு யாரோ ஒரு குருவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் நாளிதழில் வந்த இரண்டு படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலாவது, முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய செய்தி. செய்தியில் குறை இல்லை. ஆனால் கூடப் போட்டிருந்த படத்தில் இருந்தது கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயல், கண் இரண்டும் சிவப்பு, முன்னால் ஒரு கேரட் வேறு. பொட்டல் காட்டில் கண்ணி வைத்து அதையா பிடித்தார்கள்? அடுத்தது, சிறுவர் பக்கத்தில் வானம்பாடியைப் பற்றி வந்த குறிப்பு. அதற்கு வைத்த படத்தில் பனி படிந்த கிளை ஒன்றில் நெஞ்செல்லாம் ஆரஞ்சு நிறமாக ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது. அது ஐரோப்பாவில் இருக்கிற ராபின். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டைகளை 32 வருடம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஆமாம், கிராமத்துத் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். விளாத்திகுளத்துக்குப் பக்கம், கரிசல் பூமி. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. விதைக்கிற நிலத்தைத்தான் காடு என்போம். அந்தக் காட்டு வழியாக ஒரு நாளைக்கு ஐந்து ஊர், சைக்கிளில். ரோடு போட்ட ஊர் இரண்டுதான், மற்றதெல்லாம் வண்டிப்பாதை, மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிளை நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அப்படி நடந்ததில் கண்டதுதான் நான் எழுதப்போவதில் பாதி. மீதி, ஓய்வுக்கு அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது. இரண்டையும் கலந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும், வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு படமும் வேறு வேறு தப்பு மாதிரித் தெரியும். எனக்கு ஒரே தப்பு என்றுதான் படுகிறது. முயல் என்றால் ஏதோ வளைக்குள் இருக்கும், குருவி என்றால் ஏதோ மரத்தில் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர் முயலுக்கு வளை கிடையாது, எங்கள் ஊர் வானம்பாடிக்கு மரம் கிடையாது. இரண்டும் வெறும் தரையில் பிறந்து, வெறும் தரையில் படுத்து, அங்கேயே குட்டியும் குஞ்சும் வளர்க்கிறவை. பறவைக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதை இருந்தது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் என்கிறார்கள். அவ்வளவு தூரத்து உறவு. ஆனால் ஒரே காட்டில் பத்தடி இடைவெளியில் குடித்தனம் பண்ணுவதால் இரண்டுக்கும் பிரச்சினை ஒன்று, ஒளிய இடம் இல்லை. அதை இரண்டும் சமாளிக்கிற விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

முதலில் முயல். தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு கொஞ்சமில்லை. கூண்டில் வளர்ப்பது குழிமுயல் சாதி, ஐரோப்பாவிலிருந்து வந்தது. மண்ணைத் தோண்டி வளைக்குள் குட்டி போடும், குட்டி ரோமம் இல்லாமல், கண் திறக்காமல், எலிக்குட்டி மாதிரி பிறக்கும். நம் காட்டில் ஓடுவது வேறு இனம், பிடரியில் கறுப்புத் திட்டு இருப்பதால் கருங்கழுத்து முயல் என்பார்கள், வாலின் மேல்பக்கமும் கறுப்புதான். இந்தியா முழுக்கவும் இலங்கையிலும் உண்டு, வடக்கே போனால் பிடரிக் கறுப்பு மறைந்து பழுப்பாகிவிடும். வளர்ப்பு முயலுக்குக் குரோமோசோம் 44, இதற்கு 48. இரண்டையும் சேர்த்து வளர்த்து இனம் பெருக்கலாம் என்று எங்கள் ஊரில் ஒருவர் வெகுநாள் முயன்று பார்த்தார், நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

காட்டு முயல் தோண்டாது. புல்லடியிலோ, பருத்திமார் நிழலிலோ, உழுத சாலிலோ உடம்பு அடங்குகிற அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான் அதன் வீடு. பகல் முழுக்க காதை முதுகோடு ஒட்டவைத்துப் படுத்திருக்கும். நீங்கள் நடந்து வருவது அதற்கு நன்றாகத் தெரியும், கண் இரண்டும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருப்பதால் கிட்டத்தட்டப் பின்னால் வருகிறவனையும் தலையைத் திருப்பாமலே பார்க்கும். இருந்தாலும் அசையாது. காலுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும்போதுதான் பட்டென்று கிளம்பும், நமக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று அப்புறம் அடிக்கும். நேராகவும் ஓடாது, வளைந்து வளைந்து ஓடும். பின்னங்கால் நீளம், முன்னங்கால் குட்டை, அதனால் மேட்டில் ஏறுகிறபோது நாயை விட்டுவிட்டுப் போய்விடும்.

சரி, வானம்பாடி. இதிலும் பல இனம். நான் சொல்வது சாம்பல்தலை வானம்பாடி, சிட்டுக்குருவியை விடச் சின்னது, கட்டையான அலகு. பெண்ணைப் பார்த்தால் சிட்டுக்குருவிப் பெட்டை என்றுதான் சொல்வீர்கள். ஆணுக்கு முதுகு மண் நிறம், உச்சந்தலை சாம்பல், ஆனால் வயிறு, நெஞ்சு எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும், கண்ணை ஒட்டியும் ஒரு கறுப்புப் பட்டை. மரத்தில் உட்காராது, கம்பியிலும் உட்காராது. ஏற்ற இடம் என்றால் ஒரு மண்ணாங்கட்டி, ஒரு கல், வரப்பின் விளிம்பு. கம்பியில் உட்காருகிற வானம்பாடியை நான் பார்த்திருக்கிறேனே என்று யாராவது மறுகடிதம் எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அது புதர் வானம்பாடி, கொஞ்சம் பெரியது. புதர் உச்சியில் இருந்து கொஞ்ச தூரம் மேலே எழும்பி, இறக்கையைத் தூக்கிப் பிடித்துக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு குடை இறங்குகிற மாதிரி இறங்கும். அதுவும் எங்கள் காட்டில் உண்டு, கூடு அதற்கும் தரையில்தான்.

சாம்பல்தலையின் வித்தை அப்படி நிதானமானது இல்லை. காலை எட்டு மணி வெயிலில், ஒரு கட்டியில் இருந்து படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு நேர் மேலே போகும், தென்னை உயரத்தைத் தாண்டிப் போகும். அப்புறம் இறக்கையை மடக்கிக்கொண்டு கல்லை விட்டமாதிரி விழும். விழும்போது ஒரு நீள விசில். ஐயோ தரையில் மோதிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் இறக்கையை விரித்து, விழுந்த வேகத்திலேயே மறுபடி மேலே. மறுபடி விழும், மறுபடி விசில். ஏணிப்படி மாதிரி இப்படியே கீழே இறங்கி வந்து, கடைசியில் ஒன்றுமே நடக்காதது போல ஒரு கட்டியின் மேல் உட்கார்ந்து தலையைச் சொறியும். இதைப் பார்ப்பதற்காகவே நான் சைக்கிளை நிறுத்தி, மணியார்டர் வர வேண்டிய பெரியவர்களிடம் தாமதத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முயலுக்கு மேலே பழுப்பு, அடியில் வெள்ளை. வெயில் மேலிருந்து விழும்போது எந்த உருவத்துக்கும் முதுகு வெளுத்தும் வயிறு இருண்டும் தெரியும். வயிறு வெள்ளையாக இருந்தால் அந்த இருட்டு அடிபட்டு, உருண்டை உடம்பு தட்டையாகி மண்ணோடு மண்ணாகப் போய்விடும். வானம்பாடி ஆணுக்கு இது தலைகீழ், மேலே வெளிறல், கீழே கறுப்பு. தரையில் பம்மிக் கிடக்கும்போது மேலே வட்டமடிக்கிற பருந்துக்குத் தெரிவது மண் நிற முதுகு மட்டும். மேலே எழும்பினால் வெளிறிய வானத்தில் அந்தக் கறுப்பு வயிறு கீழே இருக்கிற பெட்டைக்கும், பக்கத்துக் காட்டு எதிராளிக்கும் மை வைத்த மாதிரித் தெரியும். ஒரே சட்டையில் ஒளிவதற்கு ஒரு பக்கம், காட்டிக்கொள்வதற்கு ஒரு பக்கம். முயலுக்கு யாரிடமும் காட்டிக்கொள்கிற வேலை இல்லை, அதனால் அதன் சட்டை முழுக்க ஒளிவதற்கே.

குரலும் அப்படித்தான். வானம்பாடி வாயைத் திறந்தால் அரை மைலுக்கு இன்னார் காடு இது என்று தெரியும். முயல் வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஊமை. அது கத்துவது பிடிபட்டால் மட்டும்தான், அந்தச் சத்தம் கைக்குழந்தை வீறிடுகிற மாதிரியே இருக்கும். ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆவதற்கு முன்னால், இளவட்டங்களோடு சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டைக்குப் போனபோது. கறியைத் தின்றேனா என்றால் தின்றேன், மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த வருடம் கூப்பிட்டபோது போகவில்லை. அப்போதும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது, அது எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை என்பது வேறு.

பிள்ளை வளர்ப்பில்தான் இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன.

வானம்பாடிக் கூட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது முயல்கொம்பு. 32 வருடத்தில் நான் பார்த்தது ஏழோ எட்டோ, அதிலும் பாதி தற்செயல். ஒரு புல் குத்தின் ஓரமாகக் கிண்ணம் மாதிரிச் சின்னக் குழி, உள்ளே புல்லும் ஆட்டு முடியும், விளிம்பில் பொடிக்கற்களும் மண்கட்டிகளும் வரிசையாக. யாரோ குழந்தை விளையாட்டுக்கு அடுக்கியது போல இருக்கும். முட்டை இரண்டு அல்லது மூன்று. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், 13, 14 நாளில் குஞ்சு. குஞ்சு என்றால் கண் திறக்காத, வாயை மட்டும் பிளக்கத் தெரிந்த ஒரு தசைத்துண்டு. கரிசல் வெயிலில், தரையில், கூரை இல்லாமல். அம்மாவும் அப்பாவும் பொழுது விடிந்ததில் இருந்து அடையும் வரை வெட்டுக்கிளியும் புழுவுமாகக் கொண்டுவந்து திணிப்பார்கள். தானியம் தின்கிற பறவைதான், ஆனாலும் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். இப்படி ஓடி ஓடி ஊட்டுவதால் குஞ்சு மளமளவென்று வளர்ந்து, சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு நடந்து வெளியேறிவிடும். ஒரே இடத்தில் கிடந்தால் கீரியோ பாம்போ மோப்பம் பிடிக்கும், அதுதான் அவசரம்.

காட்டு முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஆறு வாரம், வளர்ப்பு முயலுக்கு ஒரு மாதம்தான். அந்தக் கூடுதல் நாட்களில் குட்டி வயிற்றுக்குள்ளேயே உருவாகி முடிந்து, ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கிறது. பிறந்த கொஞ்ச நேரத்தில் நகரும். அதற்கு அப்புறம் தாய் செய்வது நமக்குக் கல்நெஞ்சம் மாதிரித் தெரியும், குட்டியை விட்டு விலகிப் போய்விடும். இந்த முயல் சாதியின் ஐரோப்பிய இனத்தை ஆராய்ந்தவர்கள், தாய் நாளுக்கு ஒரே ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு, சில நிமிடம் மட்டும் வந்து பாலூட்டிவிட்டுப் போகிறது என்று கண்டிருக்கிறார்கள். தாயின் உடம்பு வாசனை குட்டி இருக்கிற இடத்தில் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ நரிக்கும் காட்டுப்பூனைக்கும் அவ்வளவு குறைவாகத் துப்புக் கிடைக்கும்.

இது எனக்கு அப்போது தெரியாது. 1990-க்கு முன்னால், ஒரு மாசி மாதம், அறுத்து முடித்த கொத்தமல்லிக் காட்டின் நடுவில் உள்ளங்கை அளவு முயல்குட்டி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பார்த்தேன், தாயைக் காணோம். சரி, தாயை யாரோ அடித்துவிட்டார்கள், பாவம் என்று தபால் பைக்குள் கடிதங்களோடு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பசும்பாலைத் திரியில் நனைத்துக் கொடுத்தோம், குடித்தது, அடுத்த நாள் வயிறு ஊதிக்கொண்டது, மூன்றாம் நாள் காலையில் இல்லை. என் மூத்த மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெகுகாலம் கழித்து, அந்தக் குட்டியின் தாய் அன்று சாயங்காலம் வந்து தேடியிருக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டபோது நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன், அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டேன். உங்கள் வாசகர்கள் யாராவது காட்டில் முயல்குட்டியைத் தனியாகப் பார்த்தால் தயவுசெய்து தொடாமல் வந்துவிடுங்கள். அதை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. நாய் விரட்டிக்கொண்டு வந்தால், ரத்தக்காயம் இருந்தால் அது வேறு, வனத்துறைக்குச் சொல்லலாம்.

தீனியைப் பற்றிக் கொஞ்சம் மட்டும். முயலுக்கு வாழ்நாள் எல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கிற பல். மேல்தாடையில் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடி, அதை வைத்துத்தான் எலி அணில் கூட்டத்திலிருந்து முயலைப் பிரித்துத் தனி வரிசை ஆக்கினார்கள். வானம்பாடிக்குப் பல்லே இல்லை, பொடிக்கல்லை விழுங்கி வயிற்றுக்குள் அரைவை மில் நடத்துகிறது. முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே திரும்பத் தின்று இரண்டாவது தடவை செரித்துக்கொள்ளும். இதைச் சிறுவர் பக்கத்தில் எழுதினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எழுதுங்கள். பழைய பாட்டுகளில் வருகிற, மழைத்துளியை மட்டும் உண்டு வாழும் புள் வானம்பாடிதான் என்று உரைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் பார்த்த வானம்பாடி கம்பும் புல் விதையும்தான் தின்றது, குளிப்பதைக் கூட தண்ணீரில் குளிக்காமல் என் வண்டிப்பாதைப் புழுதியில்தான் குளித்தது. ஆனால் வானம் பொய்த்த வருடம் பாட்டுக் குறையும், அதை நானும் பார்த்தேன். பாட்டெழுதியவர் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதவில்லை என்று தோன்றும்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று வருகிறேன். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டும் ஒரே மாதிரிக் குறையவில்லை. அதுதான் விஷயம்.

சீமைக்கருவேலம் வந்து மூடிய தரிசில் வானம்பாடி இருக்காது. அதற்கு நாலா பக்கமும் திறந்த வெளி வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் முள் வந்து நின்றால் இடத்தைக் காலி செய்துவிடும். முயல் அப்படி இல்லை. பகலில் கருவேல முள்ளுக்குள் படுத்துக்கொண்டு ராத்திரியில் பக்கத்துக் காட்டில் மேயும். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே நான் வேலைக்குச் சேர்ந்தபோது பத்துப் பதினைந்து வானம்பாடி ஆண்கள் போட்டி போட்டு விழுந்து எழும்பிய பொட்டல் ஒன்று உண்டு; இன்றைக்கு அங்கே முள்ளுக்குள் முயல் புழுக்கை கிடக்கிறது, மேலே வானம் காலியாக இருக்கிறது. முயல் இருக்கிறதே என்று பார்த்தால் காடு நன்றாக இருக்கிறது என்று தோன்றும், வானம்பாடியைக் கேட்டால் வேறு பதில்.

ராத்திரியைக் கேட்டால் முயல் பக்கம் நியாயம். வானம்பாடியை யாரும் வேட்டையாடுவதில்லை, அதில் கறி என்ன தேறும். முயலுக்கு ஹெட்லைட் வந்ததுதான் வினை. வெளிச்சம் கண்ணில் பட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஒரு டார்ச், ஒரு தடி போதும். நான்குவழிச் சாலையில் லாரிக்கு அடிபடுவதும் இதனால்தான். தெருநாய்க் கூட்டம் இரண்டுக்கும் பொது எதிரி, கூட்டில் குஞ்சையும் தின்னும், படுக்கையில் குட்டியையும் தின்னும்.

அப்புறம் மருந்து. முன்னே கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி என்று கலந்து கிடந்த காட்டில் இப்போது ஊர் ஊராக மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து குருத்தில் மருந்து ஊற்றாமல் மக்காச்சோளம் எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, என் தம்பியும் அதைத்தான் விதைக்கிறான், கடனும் வைத்திருக்கிறான். ஆனால் புழு செத்தால் குஞ்சுக்கு ஊட்ட எதைக் கொண்டுவரும்? முயல்குட்டி தாய்ப்பாலில் வளர்கிறது, அதற்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வளர்ந்த மக்காச்சோளம் முயலுக்கு நிழல், வானம்பாடிக்குச் சுவர்.

அடுத்து சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மரம் நடும் விழாப் படம் உங்கள் நாளிதழில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. ஊருக்குள் நடுங்கள், கண்மாய்க் கரையில் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள், நானே வந்து தண்ணீர் ஊற்றுகிறேன். பொட்டலில், புல்தரையில், ‘சும்மா கிடக்கிற தரிசில்’ ஆயிரம் கன்று நட்டோம் என்று படம் போடும்போது எனக்கு அந்த விசில் சத்தம்தான் காதில் வருகிறது. அது சும்மா கிடக்கவில்லை. நாட்டின் தரிசு நில வரைபடம் என்று மத்திய அரசு வெளியிடுகிற தொகுப்பே முட்புதர் வெளிகளைப் பயனற்ற நிலக் கணக்கில்தான் சேர்க்கிறது, அதனால் அதிகாரியையோ நன்கொடையாளரையோ மட்டும் சொல்லிப் பயனில்லை. சூரிய மின்தகடும் அங்கேதான் வருகிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் மின்விசிறி ஓடுகிறது. இடம் தேர்ந்தெடுக்கிறபோது அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவராவது விடியற்காலையில் போய் நின்று பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன். குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளில் இருந்து பூனைப்பருந்துகள் எங்கள் கரிசலுக்கு வந்து தாழப் பறந்து இரை தேடும். வானம்பாடியும் அவற்றின் இரையில் உண்டு. அத்தனை தூரம் தாண்டி ஒரு பருந்து தேடி வருகிற நிலத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் தரிசு.

வல்லநாட்டில் வெளிமானுக்கு என்று சரணாலயம் இருக்கிறது, அந்தக் குன்றடியிலும் முயல் இருக்கிறது. வானம்பாடிக்கு என்று தனியாகச் சரணாலயம் கேட்கிற அளவுக்கு எனக்கு ஆசை இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மேய்ச்சல் புறம்போக்கு என்று கணக்கில் இருக்கிறதே, அது கணக்கில் மட்டும் இல்லாமல் தரையிலும் இருந்தால் போதும். ஆடு மேயட்டும். ஆடு மேய்ந்த கட்டைப்புல் தரைதான் வானம்பாடிக்கு வேண்டியது. ஓரத்தில் நாலு புதரை விட்டுவைத்தால் முயலுக்கும் ஆயிற்று. இரண்டையும் வைத்து வாழ்வதற்கு அவ்வளவு செலவு இல்லை.

கடைசியாக, படங்கள். வளர்ப்பு முயலின் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, காட்டு முயலை நேரில் பார்த்தால் என்ன விலங்கு என்று கேட்கிறது. என் பேரனே கேட்டான், அவன் மதுரையில் படிக்கிறான். அவனுக்கு நிலாவில் இருக்கிற முயல் தெரியும், அதன் காது நீளம் தெரியும். சொல்லப்போனால் அந்த நிலா முயலாவது நம்மூர் முயல் மாதிரிப் பதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

வானம்பாடிப் படம் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது. போன பங்குனியில் என் பேத்தி செல்போனில் எடுத்தது, மண்ணாங்கட்டி மேல் ஆண் உட்கார்ந்திருக்கிறது, கறுப்பு வயிறு தெளிவாகத் தெரியும், மரம் எதுவும் இல்லை. பணம் ஒன்றும் வேண்டாம், அவள் பெயரைப் போட்டால் சந்தோஷப்படுவாள். காட்டு முயல் படத்துக்கு வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அவளும் எத்தனையோ தடவை போய்விட்டோம், அது கிளம்பும்போதெல்லாம் அவள் போன் சட்டைப்பையில் இருக்கிறது, எடுத்து நீட்டுவதற்குள் வரப்பில் புழுதி மட்டும்தான் இருக்கிறது. அந்தப் புழுதியைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள், வேண்டுமானால் அதையும் அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராமத் தபால்காரர்,
விளாத்திகுளம் வட்டம்